போர்டு கடைக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரிகையும் எனாமல் பெயின்ட்டுமாக போர்டு எழுத ஆரம்பித்தவன் நான். பிறகு வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, அதாவது மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து, ஃப்ளெக்ஸ் அடித்தேன், அப்புறம் சொந்த மெஷின் வைத்தேன். அதனால் ‘மெஷின் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்க?’ என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னைக் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கடன் வாங்கிக் கால் வைக்கிற விஷயம் என்பதால் போனில் அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனசு வருவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஃப்ளெக்ஸ் மெஷினும் ஸ்டிக்கர் மெஷினும் வேற வேறயா? ஒண்ணுலயே ரெண்டும் அடிக்க முடியாதா?

அடிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே தரத்தில் வராது. ஊரில் நாம் ‘ஃப்ளெக்ஸ் மெஷின்’ என்று சொல்வது பெரும்பாலும் பத்தடி அகல சால்வென்ட் (கரைப்பான் கலந்த இங்க்) மெஷின். கோனிகா 512ஐ மாதிரியான ஹெட் (இங்க்கைச் சொட்டாகத் துப்பும் பாகம்) இருக்கும். ஒரு சொட்டின் அளவு 30 பிகோலிட்டர். ‘ஸ்டிக்கர் மெஷின்’ என்பது ஐந்தடி அல்லது ஆறடி எக்கோ சால்வென்ட். அதில் எப்சன் ஹெட் இருக்கும். அதன் சிறிய சொட்டு நாலைந்து பிகோலிட்டர்தான். ஒரு பிகோலிட்டர் என்றால் ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இருபதடி தூரத்தில் நின்று பார்க்கிற கல்யாண பேனருக்கு 30 பிகோலிட்டர் சொட்டு தாராளம். அதே மெஷினில் டாக்டர் கிளினிக்கின் நேரப் பலகையை வினைலில் (பின்பக்கம் பசையுள்ள ஸ்டிக்கர் ஷீட்டில்) அடித்தால், அருகில் நின்று படிப்பவர் கண்ணுக்கு எழுத்தோரம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. எக்கோ சால்வென்ட்டில் ஃப்ளெக்ஸ் அழகாக வரும், ஆனால் மெதுவாக வரும், இங்க் செலவும் கூடும். பேனர் ரேட்டுக்கு அது கட்டாது.

சால்வென்ட், எக்கோ சால்வென்ட், லேடெக்ஸ், யூவின்னு நாலு பேர் நாலு சொல்றாங்க. சுருக்கமா வித்தியாசம் என்ன?

இங்க் எப்படிக் காய்கிறது என்பதுதான் வித்தியாசம். சால்வென்ட் இங்க் ஃப்ளெக்ஸின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து உள்ளே பிடித்துக்கொண்டு, பிறகு ஆவியாகிக் காய்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும், விலை குறைவு, வாடை அதிகம். எக்கோ சால்வென்ட் அதன் மென்மையான தம்பி. வாடை குறைவு, ஆனால் ‘எக்கோ’ என்று பெயர் இருப்பதால் மூடிய அறையில் மூச்சிழுக்கலாம் என்று அர்த்தமில்லை. லேடெக்ஸ் நீர் சார்ந்த இங்க். எச்பி 2008-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாடை இல்லை, மெஷினை விட்டு வெளியே வரும்போதே காய்ந்திருக்கும். ஆனால் அப்படிக் காய வைக்க வேண்டிய சூட்டுக்குக் கரண்ட் அதிகம் இழுக்கும். யூவி இங்க் புற ஊதா விளக்கு பட்டதும் கெட்டியாகிவிடும். ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை), அக்ரிலிக், சன்போர்டு (லேசான ஃபோம் பலகை), கண்ணாடி என்று பலகை மேலேயே நேரடியாக அடிக்கலாம்.

புதிதாகத் தொடங்கும் சின்னக் கடைக்கு உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான். ஆஸ்பத்திரி, பள்ளி, ஹோட்டல் உள்ளலங்காரம் என்று நிலையான ஆர்டர் கையில் இருப்பவர் லேடெக்ஸை யோசிக்கலாம். யூவி பற்றிப் பின்னால் தனியாக வருகிறது.

சொந்த மெஷின் போட்டா லாபம்தானே? எதுக்கு வெளிய காசு குடுக்கணும்?

இந்தக் கேள்விக்குக் கணக்கைத் தவிர வேறு பதில் கிடையாது. கீழே உள்ள ரூபாய் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்தடி ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு 8 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் மாதத் தவணை 26,571 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம் 15,000, வாடகையும் சர்வீஸுமாக 8,000. மொத்தம் ஏறக்குறைய 49,600. ஜாப் ஒர்க்கில் சதுர அடிக்கு 9 ரூபாய் கொடுக்கிறீர்கள், சொந்தமாக அடித்தால் ஃப்ளெக்ஸ், இங்க், கரண்ட் சேர்த்து 6 ஆகிறது என்றால், மிச்சம் 3 ரூபாய். 49,600-ஐ மூன்றால் வகுத்தால் மாதம் 16,500 சதுர அடி. 25 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 660. அதாவது நாள் தவறாமல் பத்தடிக்கு எட்டடி பேனர் எட்டு. அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் லாபம்.

இதே கணக்கை ஆறடி ஸ்டிக்கர் மெஷினுக்குப் போடுவோம். கடன் மூன்றரை லட்சம், தவணை 11,625. டிசைனரே ஓட்டுகிறார், அவருக்குக் கூடுதலாக 8,000. மற்ற செலவு 5,000. மொத்தம் 24,600. வினைலில் ஜாப் ஒர்க்குக்கும் சொந்தச் செலவுக்கும் நடுவே 12 ரூபாய் மிஞ்சுகிறது என்றால் மாதம் 2,050 சதுர அடி, தினம் 82 போதும். என் கணிப்பில் போர்டு கடைக்கு இதுதான் கைக்கு எட்டுகிற தூரம்.

அப்போ முதல் மெஷினா எதை வாங்கச் சொல்றீங்க?

உங்கள் தொழில் போர்டு செய்வது என்றால், அதாவது கடைப் பெயர்ப் பலகை, சன்போர்டு, கண்ணாடி ஸ்டிக்கர், வண்டி ஸ்டிக்கர், எல்இடி போர்டு என்றால், ஆறடி எக்கோ சால்வென்ட். ஃப்ளெக்ஸை இன்னும் ஓராண்டாவது ஜாப் ஒர்க்கிலேயே ஓட்டுங்கள். பத்தடி மெஷின் வைத்திருப்பவர் ஏற்கெனவே ஊரில் நாலு பேர் இருப்பார்; அவர்களிடம் வேலை கொடுக்கும் வாடிக்கையாளராக இருப்பது, அவர்களோடு ரேட்டில் மோதுவதைவிட நிம்மதி.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்க முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது, ராத்திரி பத்து மணிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு ஆள் வருகிறார், விடியும் முன் கொடுத்தாக வேண்டும் என்றால் நிலைமை வேறு. துக்க வீட்டுக்கு ‘நாளை மதியம் வரும்’ என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில் பத்தடி மெஷின் தன் காசைத் தானே சம்பாதிக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கடந்த ஆறு மாத ஆர்டர் நோட்டை எடுத்து, ஃப்ளெக்ஸ் எத்தனை சதுர அடி, வினைல் எத்தனை சதுர அடி என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். என்னிடம் கேட்டவர்களில் பலர் அந்த எண்ணைப் பார்த்த பிறகு மெஷினை மாற்றிக்கொண்டார்கள்.

அகலம் எவ்வளவு எடுக்கணும்? பெருசா எடுத்தா சின்னதும் அடிக்கலாம்ல?

அடிக்கலாம். பத்தடி மெஷினில் மூன்றடி ரோலும் ஏறும். ஆனால் இடமும் விலையும் கூடும், சின்ன வேலைக்கு அது வீண் பாரம். ஸ்டிக்கர் மெஷினில் ஐந்தடிக்கும் ஆறடிக்கும் விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் ஆறடியே எடுங்கள். எட்டுக்கு நாலு ஏசிபி ஷீட்டை ஒட்ட நாலடி வினைல் போதும் என்பது சரிதான். ஆனால் வேன் பக்கவாட்டுக்கும் பெரிய ஷட்டருக்கும் அந்தக் கூடுதல் ஒரு அடி ஒட்டு விழாமல் காப்பாற்றும்.

ஃப்ளெக்ஸில் வேஸ்டேஜ் பாருங்கள். பத்தடி ரோலில் நாலடி அகல பேனர் இரண்டு வைத்தால் இரண்டடி குப்பைக்குப் போகிறது; மூன்றடி மூன்று வைத்தால் ஓரடிதான் போகும். 3, 4, 5, 6, 8, 10 அடி ரோல்களில் உங்கள் ஊரில் எது எளிதாகக் கிடைக்கிறது என்று மெட்டீரியல் கடையில் கேட்டுவிட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள்.

எக்ஸ்பி600, டிஎக்ஸ்5, ஐ3200, 512ஐன்னு ஹெட் பேரா சொல்றாங்க. மெஷின் பேரைப் பாக்கணுமா, ஹெட் பேரைப் பாக்கணுமா?

ஹெட்டைத்தான் முதலில் பாருங்கள். உடம்பை யார் வேண்டுமானாலும் செய்து பெயர் ஒட்டிவிடலாம். படம் வருவது ஹெட்டிலிருந்து, பெரிய செலவு வருவதும் அங்கிருந்துதான். எக்ஸ்பி600-இல் 1,080 நாசில், அதாவது இங்க் வெளிவரும் நுண்துளை. விலை குறைவு, ஆயுளும் குறைவு, தேய்ந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். ஐ3200-இல் 3,200 நாசில். வேகம் அதிகம், விலையும் அதிகம், கைப்பிழையில் போனால் வலிக்கும். புதிதாகக் கற்கும் ஆபரேட்டர் கையில் எக்ஸ்பி600 கொடுப்பது புத்திசாலித்தனம் என்பேன். டிஎக்ஸ்5 நல்ல ஹெட். ஆனால் பழையதைக் கழுவிப் புதியது என்று விற்பவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

எல்லா ஹெட்டும் செருப்பு மாதிரி, நடந்தால் தேயும். அதனால் சதுர அடிக்கு ஒரு ரூபாயாவது ‘ஹெட் பணம்’ என்று தனியே ஒதுக்குங்கள். மேலே போட்ட கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஃப்ளெக்ஸில் 3 ரூபாய் மிச்சம் 2 ஆகிவிடும், 660 சதுர அடி 990 ஆகிவிடும். இன்னொன்று: எப்சன் ஹெட்டில் விலை மலிவு என்று வீரியமான சால்வென்ட் இங்க்கை ஊற்றக் கூடாது. ஹெட்டின் உள்ளே இருக்கும் பசையை அது அரித்துவிடும்.

கேட்லாக்ல மணிக்கு இத்தனை சதுர மீட்டர்னு போட்டிருக்கே, அது நிஜமா வருமா?

அது குறைந்த பாஸில், அதாவது ஒரே இடத்தின் மேல் ஹெட் குறைந்த தடவை போய்வந்து, நிறுத்தாமல் ஓடினால் வரும் வேகம். மூன்று பாஸில் மணிக்கு 120 சதுர மீட்டர் என்றால் ஆறு பாஸில் ஏறக்குறைய 60. பாஸ் குறைந்தால் அடர்ந்த நிறங்களில் குறுக்கே கோடு விழும். வானம், தோல் நிறம், ஒரே சிவப்புப் பின்னணி ஆகியவற்றில் அது பளிச்சென்று தெரியும். நம்மூர் பேனரில் முகம் இல்லாத பேனரே இல்லை என்பதால் தோல் நிறம்தான் நமக்குப் பரீட்சை.

டெமோவுக்குப் போகும்போது டீலர் வைத்திருக்கும் கிளி படத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் கடையில் போன மாதம் அடித்த நாலு வேலையைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்: ஒரு முகம், ஒரு முழுச் சிவப்பு, ஒரு சாம்பல் நிறச் சாய்வு, கால் அங்குல உயரத்தில் தமிழ் எழுத்து. நீங்கள் தினமும் ஓட்டப்போகும் பாஸில் அடிக்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். ‘ணை’, ‘ளை’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைக்காமல் வருகிறதா என்று பாருங்கள்.

எவ்ளோ இடம் வேணும்? மாடியில போடலாமா?

பத்தடி மெஷினின் உடம்பே பதினைந்து, பதினாறு அடி நீளம் இருக்கும். முன்னாலும் பின்னாலும் ரோல் மாற்ற ஆள் நிற்க வேண்டும், அடித்ததை விரித்து, கயிறு கட்டும் ஐலெட் வளையம் அடிக்கத் தரை வேண்டும். இருபதுக்குப் பன்னிரண்டு அறை என்பது மிகக் குறைந்தது. ஆறடி மெஷினுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சமாளிக்கலாம்.

மாடி என்றால் வாசலையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப் வைத்து அளங்கள். நண்பர் ஒருவர் முன்பணம் கொடுத்து, வண்டி வந்து நின்ற பிறகுதான் பெட்டி படியில் திரும்பாது என்று கண்டார். ஜன்னலை உடைத்துக் கிரேனில் ஏற்றினார்கள். அந்தச் செலவு அவருடைய இரண்டு மாதத் தவணை.

வீட்டோட இருக்கற கடையில சால்வென்ட் மெஷின் போடலாமா?

வேண்டாம். சால்வென்ட் ஆவி தலைவலி, கண் எரிச்சல் தரும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். ஃப்ளெக்ஸ் ரோல் ஓடும்போது நிலை மின்சாரம் உண்டாகிறது, சின்னப் பொறி போதும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதை வைக்க எந்த ரேட்டும் நியாயம் சொல்லாது. எக்கோ சால்வென்ட் என்றாலும் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம். ஏசி மட்டும் போட்டுக் கதவைச் சாத்தினால் அதே ஆவியைத்தான் சுற்றிச் சுற்றி மூச்சிழுக்கிறீர்கள்.

கரண்ட் விஷயத்துல என்ன பாக்கணும்? சும்மா பிளக்குல மாட்டினா போதாதா?

என் சொந்த இழப்பையே சொல்கிறேன். முதல் மெஷின் வந்த மூன்றாவது மாதம், மழைக்காலம், பழைய கட்டடம். எர்த்திங் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னார், ‘சீசன் முடியட்டும்’ என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஹெட்டை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும் இரண்டு ஹெட்டும் ஒன்றாகப் போயின. அந்த ஆண்டுப் பொங்கல் வேலை முழுவதையும் வெளியே அடித்துக் கொடுத்தேன்.

மெஷின் வரும் முன்பே தனி எர்த் குழி எடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோல் போர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும், ஒரு நொடிகூட விடாமல் கரண்ட் தரும் ‘ஆன்லைன்’ வகை யூபிஎஸ். ஹீட்டரையும் காய வைக்கும் விசிறியையும் யூபிஎஸ்-இல் சேர்க்காமல் தனி லைனில் விடுங்கள். இதற்காகும் பணத்தை மெஷின் விலையோடு சேர்த்தே கடன் கேளுங்கள்.

இங்க் கம்பெனி இங்க்தான் ஊத்தணுமா? வெளிய பாதி விலைக்குக் கிடைக்குதே.

முழு நிறப் படத்துக்கு எக்கோ சால்வென்ட்டில் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி இங்க் போகும். லிட்டருக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தாலும் சதுர அடிக்கு ஒரு ரூபாய்தான் மிச்சம். அதற்காக ஹெட்டைப் பந்தயம் வைக்கலாமா என்று யோசியுங்கள்.

வெளி இங்க் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுபவை இருக்கின்றன. ஆனால் மாற்றினால் முழுவதையும் கழுவிவிட்டு மாற்றுங்கள். டேங்க்கில் பாதி இருக்கும்போதே வேறு இங்க்கைச் சேர்த்தால் இரண்டும் திரிந்து, ஹெட்டுக்கு இங்க் போகும் வழியில் உள்ள டேம்பரிலிருந்து ஹெட் வரை கட்டிக்கொள்ளும். மாற்றிய பிறகு நிறமும் மாறும். வாடிக்கையாளருக்குப் போன வருடம் கொடுத்த அதே நீலம் இந்த வருடம் வராது.

ரிப் சாஃப்ட்வேர்னா என்ன? கோரல்டிராவுல இருந்து நேரா பிரிண்ட் குடுக்க முடியாதா?

முடியாது. நீங்கள் கொடுக்கும் படத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, எந்த நாசில் எப்போது துப்ப வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது ரிப். போட்டோபிரிண்ட், மெயின்டாப், ஆனிக்ஸ் என்று பல உண்டு. மெஷினோடு வருவது ஒரிஜினலா, அதைத் திறக்கும் யூஎஸ்பி சாவியான டாங்கிள் உண்டா, உங்கள் மெட்டீரியலுக்கு நிற புரொஃபைல் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். திருட்டுப் பிரதி ஒரு நாள் திறக்காது, அது பெரும்பாலும் சீசன் நாளாக இருக்கும்.

நம்மூருக்கே உரிய சிக்கல் தமிழ் எழுத்துரு. பாமினி, ஷ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் ஃபைல் வரும். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் பெயர் கண்டபடி மாறிவிடும். எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிய பிறகே ரிப்புக்கு அனுப்புவது என்று கடையில் சட்டம் போடுங்கள். அளவும் பாருங்கள்: பத்துக்கு எட்டு அடி பேனரை 72 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தால் 8,640 க்கு 6,912 பிக்சல், ஃபைல் 240 எம்பி அளவு. அதையே 300 டிபிஐ என்று வைத்தால் 4 ஜிபி தாண்டும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் திணறும்.

பிரிண்டும் கட்டிங்கும் ஒரே மெஷின்ல வர்றது வாங்கலாமா?

இடம் குறைவாக இருந்து, சின்னச் சின்ன லேபிள், வண்டி ஸ்டிக்கர் மட்டும் செய்பவருக்கு நல்லது. மற்றவர்களுக்குத் தனி பிரிண்டர், தனி கட்டிங் பிளாட்டர் என்பதே என் சிபாரிசு. ஒன்றாக இருந்தால் வெட்டும் நேரம் முழுவதும் அச்சு நிற்கிறது, ஒன்று பழுதானால் இரண்டும் நிற்கிறது. லேமினேஷன் செய்து வெட்ட வேண்டியதை எப்படியும் கழற்றி மறுபடி ஏற்றத்தான் வேண்டும். பிளாட்டர் வாங்கும்போது அச்சில் உள்ள குறியைத் தானே படிக்கும் சென்சார் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டி ஆறு மாசத்துல வெளுக்குது, ஓரம் தூக்குது. மெஷின் சரியில்லையா?

பெரும்பாலும் மெஷின் காரணமில்லை. ஓரம் தூக்குவது அவசரத்தால் வருவது. எக்கோ சால்வென்ட்டில் அடித்த வினைலுக்குள் சால்வென்ட் இன்னும் இருக்கும். அது பின்பக்கப் பசையை இளக்கும். அடித்ததை இறுகச் சுருட்டி வைக்காமல், தளர்வாக விட்டு ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் லேமினேஷன் போட வேண்டும். வாடிக்கையாளர் ‘இன்னைக்கே வேணும்’ என்று நின்றால், அதனால் வரும் குறையை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெளுப்பதில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போகும், அதனால் சிவப்பு சீக்கிரம் சோர்ந்துவிடும். தெற்கு, மேற்கு வெயில் படும் போர்டுக்கு யூவி தடுக்கும் லேமினேஷனும் நல்ல வினைலும் போடுங்கள். வளைவுள்ள வண்டிக்குச் சாதாரண வினைல் ஒட்டினால் எந்த மெஷினில் அடித்தாலும் அது உரியும்.

ஆடி மாசம் வேலையே இருக்காது. மெஷினை ஆஃப் பண்ணி வச்சுட்டா போச்சா?

அப்படித்தான் ஹெட்டுகள் சாகின்றன. வேலை இல்லாவிட்டாலும் தினமும் காலையில் எல்லா நாசிலும் துப்புகிறதா என்று பார்க்கும் ஒரு நாசில் செக், எல்லா நிறமும் ஓடும் ஒரு சின்னப் பட்டை. மாலையில் ஹெட்டை மூடும் கேப்பிங்கையும் அதைத் துடைக்கும் வைப்பரையும் சுத்தம் செய்து, ஹெட் சரியாக மூடி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் கடை பூட்டுவதென்றால் டீலரிடம் கேட்டுக் கழுவும் திரவம் ஏற்றி வைக்கலாம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூட இதற்குக் கொடுக்க ஆள் இல்லையென்றால் ஜாப் ஒர்க்கிலேயே இருங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

ஓடிக்கொண்டிருக்கும் கடையில், ஓடுவதைப் பார்த்து எடுக்கலாம். ‘குடோனில் இருக்கிறது, ஏற்றிவிட்டு ஓட்டிக் காட்டுகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காரணம் மேலே ஆடி மாசக் கேள்வியில் இருக்கிறது.

நாசில் செக் அடிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். முதலில் முழுசாக இருந்து இரண்டாவதில் விட்டுப்போனால் டேம்பரிலோ பம்பிலோ கோளாறு. மொத்தம் எவ்வளவு அடித்திருக்கிறது என்ற கணக்கு பல மெஷின்களின் மெனுவில் இருக்கும். ஒரு புது ஹெட்டின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் ஆரம்பிக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

எந்த டீலர்கிட்ட வாங்கறது? எல்லாரும் சர்வீஸ் சூப்பர்ங்கறாங்க.

டீலரைக் கேட்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அதே மெஷின் வைத்திருக்கும் மூன்று கடைகளுக்குப் போங்கள். கடைசியாக மெஷின் எப்போது நின்றது, என்ஜினியர் எத்தனை மணி நேரத்தில் வந்தார், பாகம் கையிருப்பில் இருந்ததா, சென்னையிலிருந்து வந்ததா, டெல்லியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். இரண்டாம்தர மெஷினும் நல்ல என்ஜினியரும் இருந்தால் கடை ஓடும். முதல்தர மெஷினுக்கு ஆளே வரவில்லை என்றால் தவணை மட்டும்தான் ஓடும்.

வாரன்ட்டியில் ஹெட் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் இருக்காது. ஆபரேட்டருக்கு எத்தனை நாள் பயிற்சி என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

லோனுக்கு மானியம் கிடைக்குமாமே?

கிடைக்கும், பொறுமை வேண்டும். மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரில் 15 சதவீதமும் கிராமத்தில் 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35 சதவீதமும் மானியம். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. முத்ரா கடனில் மானியம் இல்லை, ஆனால் சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

மானியத் திட்டங்கள் புதிய தொழிலுக்கானவை. அவசரப்பட்டு முதலிலேயே மெஷினை வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் கைவிரித்துவிடுவார்கள். கொட்டேஷன், ஒப்புதல், அப்புறம் மெஷின் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

யூவி மெஷின் வாங்கினா ஒட்டற வேலையே இல்லையாமே, நேரா அதுக்கே போயிடலாமா?

வினைல் அடித்து, லேமினேஷன் போட்டு, சன்போர்டில் ஒட்டும் மூன்று வேலை ஒன்றாகிறது என்பது உண்மை. வெள்ளை இங்க் இருப்பதால் கண்ணாடியிலும் கறுப்பு அக்ரிலிக்கிலும் அடிக்கலாம். ஆனால் மெஷின் விலை பல மடங்கு, வெள்ளை இங்க் அடியில் தங்கிக் கட்டிக்கொள்ளும் குணம் உள்ளது, தினப் பராமரிப்பு இன்னும் கறார். மூன்றாவது பதிலில் போட்ட கணக்கைப் பலகை வேலைக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் யூவி ஜாப் ஒர்க் எளிதாகக் கிடைக்கும்போது முதல் மெஷினாக இதை நான் சொல்ல மாட்டேன்.

ஃப்ளெக்ஸையே தடை பண்ணிடுவாங்கன்னு பேசிக்கறாங்க. நம்பி முதல் போடலாமா?

பயத்தில் உண்மை இருக்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்துபோனார். அந்த பேனரை அடித்த அச்சகத்துக்கும் சீல் வைத்தார்கள். அடித்துக் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று அதற்குப் பிறகு நான் நினைப்பதில்லை. சாலையில் வைக்கும் பேனர் என்றால் அனுமதிக் கடிதம் கேட்கிறேன், அனுமதி எண்ணைக் கீழே போடுகிறேன். இதனால் போன ஆர்டர்கள் உண்டு, போகட்டும்.

2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் நாடு முழுக்கத் தடை. மெட்டீரியல் வாங்கும்போது தடிமனைக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாமல் சுவரொட்டி அடித்தால் ஆறு மாதம் வரை சிறை. முதல் மெஷினாக ஆறடி எக்கோ சால்வென்ட்டைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பேனர் வேலை ஒரு உத்தரவில் பாதியாகலாம். கடைப் பெயர்ப் பலகையும் கண்ணாடி ஸ்டிக்கரும் கடைகள் திறக்கும் வரை தேவைப்படும்.

பக்கத்துக் கடைக்காரர் சதுர அடிக்கு ஒரு ரூபா குறைச்சுட்டார். நானும் பெரிய மெஷினா போட்டுக் குறைச்சா அவரை ஜெயிச்சுடலாம்ல?

அவருடைய மெஷினுக்குக் கடன் முடிந்திருக்கலாம், உங்களுக்கு 36 தவணை பாக்கி இருக்கும். 3 ரூபாய் மிச்சத்தில் ஒரு ரூபாய் குறைத்து, ஹெட் பணம் ஒரு ரூபாயும் ஒதுக்கினால் மீதி ஒரு ரூபாய். அப்போது அசல் தேறவே தினம் ஏறக்குறைய 2,000 சதுர அடி வேண்டும். அந்த மெஷின் வாங்கும் பணத்தில் ஒரு நல்ல டிசைனரையும், உயரத்தில் பாதுகாப்பாக போர்டு மாட்டத் தெரிந்த இரண்டு ஆட்களையும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டித் தருபவரிடம் ஒரு ரூபாய்க்காகப் பேரம் பேசுபவர் குறைவு.

சரி, முடிவு பண்ணிட்டேன். எப்ப வாங்கறது? தீபாவளிக்கு முன்னாடி போட்டா சீசனைப் பிடிச்சுடலாம்ல?

தீபாவளிக்கு முந்தின மாதம் புது மெஷின் இறக்குவது போல ஆபத்து வேறில்லை. ஆபரேட்டர் கற்கும் காலத்தில் ரோல் வீணாகும், நிறம் ஒத்துவராது, என்ஜினியர்கள் எல்லோரும் வேறு கடைகளில் இருப்பார்கள். ஆனி கடைசியில் பணம் கட்டி, ஆடியில் இறக்குங்கள். அந்த மாதம் டீலருக்கும் வியாபாரம் மந்தம், பயிற்சிக்கு ஆள் கூடுதல் நாள் உட்காருவார். எர்த் குழி, எக்ஸாஸ்ட், யூபிஎஸ் எல்லாம் அதற்கு முந்தைய வாரமே முடிந்திருக்கட்டும். முதல் ரோல் முழுவதையும் பழைய ஆர்டர் ஃபைல்களை அடித்துப் பார்க்கவே ஒதுக்குங்கள். எந்த மெட்டீரியலுக்கு எத்தனை பாஸ், எவ்வளவு சூடு என்று ஒரு நோட்டில் எழுதி மெஷின் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரும்போது அந்த நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்.